எழுபதுக்குக் கீழே போன ஆக்சிலியா

ஆக்சிலியாவின் வீட்டில் பீரோவுக்கு மேலே ஒரு நீலப் பை கிடந்தது. இரண்டு வருஷமாக அதை யாரும் கீழே இறக்கவில்லை. இறக்க வேண்டியிருக்கவில்லை என்பதே அந்த வீட்டுக்குப் பெரிய சந்தோஷம்.

அதற்கு முந்தைய ஏழு வருஷமும் அந்தப் பை ஒரு வாரம்கூடச் சும்மா இருந்ததில்லை. திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் அமலன் அதை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு, பின்னால் மனைவியை ஏற்றிக்கொண்டு மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போவான். அவள் ஜோலார்பேட்டையில் ரயில் மாறி பெங்களூர் போய், ஒரு தையல் கம்பெனியில் வாரம் முழுக்கச் சட்டைக்குக் காலர் வைப்பாள். தூங்குவதற்கு ஹாஸ்டல். சனிக்கிழமை வீடு திரும்பினால், ஞாயிறு பூசை முடிந்து கறிக்குழம்பு கொதிக்கும்போதே மறுநாள் ரயில் நினைப்பு வந்துவிடும். மகள் ரெஜினா நடக்கப் பழகிய வயதில், ஒரு சனிக்கிழமை, வாசலில் வந்து நின்ற அம்மாவை யாரோ விருந்தாளி என்று நினைத்து அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஆக்சிலியா அன்றைக்கு அழவில்லை. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் அரூரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உரக்கடை மாடியில், பன்னிரண்டு கம்ப்யூட்டரோடு ஒரு சென்டர் திறந்தார்கள். பிளஸ் டூ போதும், பொறுமை வேண்டும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. பிளஸ் டூ அவளிடம் இருந்தது. பொறுமையைப் பற்றி யாரும் பரீட்சை வைக்கவில்லை, நல்லவேளை.

வேலை இதுதான். வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட் எடுத்த படம் ஒன்று திரையில் வரும். அதில் வயல் எது, கிணறு எது, வீட்டுக் கூரை எது என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போட வேண்டும். அப்படி ஆயிரம் ஆயிரமாகக் கோடு போட்டுக் கொடுத்தால், அதைப் பார்த்துப் பார்த்து மெஷின் தானாகவே கற்றுக்கொள்ளுமாம். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஐஸ்வர்யா என்ற பெண் அதை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் அனுப்பிய விதிப்புத்தகத்தில், வெள்ளையாக, சதுரமாக, பளிச்சென்று தெரிவதெல்லாம் கூரை என்று எழுதியிருந்தது.

ஆக்சிலியா அதற்கு ஒப்பவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவள். பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் படம் ஒன்றில் பாறை மேல் இருந்த வெள்ளைச் சதுரங்களைக் கூரை என்று குறிக்காமல் விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த குறிப்புப் பெட்டியில், "இது கூரை இல்லை. திப்பி காய்கிறது" என்று எழுதினாள். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கைதான் திப்பி. அதைப் பாறையில் கொட்டிக் காயப்போடுவதை அந்தப் பக்கத்தில் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ஐஸ்வர்யா மழைக்காலத்துப் படத்தை எடுத்துப் பார்த்தாள். அத்தனை வீடும் காணாமல் போயிருந்தது. அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் அவளே ஆக்சிலியாவுக்கு நேராக மெயில் போட்டுக் கேட்பாள். அந்த மெயிலை ஆக்சிலியா அமலனிடம் எத்தனை தடவை படித்துக் காட்டினாள் என்று கேட்டால் அமலன் மேலே பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

சாட்டிலைட் வேலை முடிந்தது. அதே ஆராய்ச்சிக் குழுவின் அடுத்த வேலை வந்தது. இந்தத் தடவை படமில்லை, பேச்சு. இணையத்தில் வீடியோக்களுக்குக் கீழே ஜனங்கள் தமிழில் எழுதுகிற கமென்ட்டுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். கீழே மூன்று பட்டன். ஒரு கூட்டத்தையே இழிவுபடுத்தினால் சிவப்பு, வெறும் வசவு என்றால் மஞ்சள், ஒன்றுமில்லை என்றால் பச்சை. வெறுப்புப் பேச்சை மெஷின் தானே கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடு.

இதில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு கமென்ட்டும் மூன்று பேருக்குப் போகும். யார் அந்த மூன்று பேர் என்று ஒருவருக்கும் தெரியாது. என்ன போட்டோம் என்று ஒருவரோடு ஒருவர் பேசவும் கூடாது. மற்ற இருவரோடு ஒத்துப்போனால் நமக்கு மார்க். நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே மூன்று வாரம் நின்றால் சீட்டு கிழிந்தது. மற்ற இருவரும் சென்னையில், கண்ணாடி போட்ட கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிற பெரிய படிப்புக்காரர்கள் என்று அரூர் சென்டரில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. யார் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை.

முதல் வாரம் ஆக்சிலியாவுக்குப் படிக்கவே கூசியது. சிலுவை போட்டுக்கொண்டுதான் கம்ப்யூட்டரைத் திறந்தாள். வீட்டுக்கு வந்தால் அமலன், "இன்னைக்கு என்னா திட்டு புதுசா கத்துக்கிட்ட?" என்று கேட்பான். ஆனால் கெட்ட வார்த்தை லேசு. அது எந்த நிறம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். கெட்ட வார்த்தையே இல்லாமல் வருவதுதான் கஷ்டம்.

அப்படி ஒன்று வந்தது. ஒரு கிராமத்தின் காலனியிலிருந்து போலீஸ் வேலைக்குத் தேர்வான ஒரு பையனுக்கு மாலை போடுகிற வீடியோ. அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "வாங்க சார், வணக்கம்ங்க. உங்களுக்குன்னு டம்ளர் தனியா கழுவி வெச்சிருக்கோம்ங்க. டீ சாப்ட்டுட்டுப் போங்க."

எத்தனை 'ங்க', எவ்வளவு மரியாதை! ஆக்சிலியா அதை இரண்டு தடவை படித்தாள். டீக்கடையில் காலனிக்காரர்களுக்கென்று தனி டம்ளர் இருந்த கதையை அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவள் அப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையின் கூரை வாரையில் ஓர் அலுமினிய டம்ளர் எப்போதும் செருகியிருக்கும். களை வெட்ட வருகிறவர்களுக்கு அதில்தான் தண்ணீர். சின்ன வயதில் அதை எடுத்து விளையாடியதற்கு ஒருநாள் முதுகில் வாங்கியிருக்கிறாள். அந்த டம்ளரில் கொடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அந்த வரி எதற்கு எழுதப்பட்டது என்று நன்றாகவே தெரியும். சிவப்பை அழுத்தினாள்.

வாரப் பட்டியல் வந்தபோது பார்த்தால், மற்ற இருவரும் பச்சை போட்டிருந்தார்கள். இதே மாதிரி இனிக்க இனிக்க எழுதிய விஷம் நிறைய வந்தது. அவள் சிவப்பு போட, அவர்கள் பச்சை போட, வாரக் கடைசியில் மார்க் அறுபத்தாறு. அடுத்த வாரம் அறுபத்தொன்று.

சென்டரைப் பார்த்துக்கொள்ளும் சந்திரமோகன் அவளைத் தண்ணீர்க் கேன் பக்கமாகத் தனியே கூப்பிட்டான். முப்பது வயதுக்காரன், கெட்டவன் இல்லை, பயந்தவன்.

"அக்கா, இன்னும் ஒரு வாரம்தான்ங்க்கா. அப்புறம் எங்கையில ஒண்ணும் இல்ல."

"நான் தப்பா போடலீங்க சார்."

"தப்புன்னு யாருங்க்கா சொன்னாங்க? நீங்க என்னா நெனைக்கிறீங்கன்னு போடாதீங்க. மத்தவங்க என்னா போடுவாங்கன்னு யோசிச்சுப் போடுங்க. ஊரோட ஒத்து வாழுன்னு சும்மாவா சொன்னாங்க?"

அன்று வீட்டுக்குப் போனதும் ஆக்சிலியாவின் கண் தானாகவே பீரோ மேலே போனது. நீலப் பை தூசியோடு உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமை ரயில் அவள் நெஞ்சின் மேலேயே ஓடியது. பிடிவாதம் எல்லாம் வயிறு நிறைந்தவர்களுக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஊரோடு ஒத்துப் போனாள். இனிப்பாக வந்ததற்கெல்லாம் பச்சை. அழுத்தும்போது விரல் கொஞ்சம் தயங்கும், அவ்வளவுதான். சாட்டிலைட் நாளிலிருந்தே சந்தேகமான படத்தின் எண்ணைப் பங்குக் கோயிலில் கொடுத்த டைரியில் குறித்துவைக்கும் பழக்கம் அவளுக்கு. அந்தப் பழக்கத்தில், மனசுக்கு ஒப்பாமல் பச்சை போட்ட கமென்ட்டுகளின் எண்ணையும் எழுதிக்கொண்டே வந்தாள். எதற்கு எழுதுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை காலை வார மார்க் வந்தபோது டைரியில் நாற்பது எண்கள் இருந்தன. மார்க் எண்பத்துநான்கு. சந்திரமோகன் கை தட்டினான்.

அந்த எண்பத்துநான்கை அவள் கொண்டாடிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான், டம்ளர் எழுதிய அதே ஆள் இன்னொரு வீடியோவுக்குக் கீழே அதே தினுசில் எழுதிய வரி அவள் திரையில் வந்தது. பச்சையை அழுத்தினாள், டைரியில் நாற்பத்தொன்றாவது எண். பக்கத்தில் யாரோ நிற்பது போலிருந்தது. அடுத்த சீட் ரஞ்சித்குமார், கையில் இரண்டு டீயோடு. இருபத்தெட்டு வயது, மொரப்பூர்ப் பக்கம் ஒரு காலனியிலிருந்து வருகிற பையன், அதிகம் பேசமாட்டான். அவள் அழுத்தியதைப் பார்த்துவிட்டான்.

ஆக்சிலியாவுக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. "ரஞ்சித்து..." என்று ஆரம்பித்தாள்.

அவன் ஒரு டீயை அவள் மேசையில் வைத்தான். குனிந்து, மெதுவான குரலில் சொன்னான்.

"காலைல எனக்கும் இது வந்துச்சுங்க்கா. நானும் பச்சதான் போட்டன்."

"நீயா?"

"எனக்கு அறுவத்தொம்போதுங்க்கா. வூட்டுல ரெண்டு பேரு படிக்கிறாங்க. மெட்ராஸ்காரங்க பச்சதான் போடுவாங்கன்னு சந்திரமோகன் சார் சொன்னாரு."

அவன் போய் உட்கார்ந்துவிட்டான். ஆக்சிலியா டீயைத் தொடவில்லை. பட்டவனே ஒன்றுமில்லை என்று போட்டிருக்கிறான்! அதற்கு மேல் இன்னொன்று மெல்ல மெல்ல உறைத்தது. ஒரு கமென்ட் மூன்று பேருக்குத்தான் போகிறது. அந்த மூன்றில் ஒன்று அவள். ஒன்று ரஞ்சித்து. அப்படியென்றால் மெட்ராஸ்காரன் எங்கே? தலையைத் தூக்கி அறையைப் பார்த்தாள். பன்னிரண்டு பேரும் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இல்லாத ஒருவன் என்ன போடுவான் என்று யோசித்து யோசித்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஊரே ஊருக்குப் பயந்து ஒத்து ஊதிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பாவப்பட்ட மெஷின் ஒன்று பாடம் படித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, வெங்காயம் உரித்துக்கொண்டே அமலனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணீருக்கு வெங்காயம் வசதியாக இருந்தது.

"மேடத்துக்கு எழுதிப்புடலாம்னு இருக்குதுங்க. ஆனா இந்த வேலையில நேரா எழுதக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு. பொய்யா போட்டன்னு நானே ஒத்துக்கிட்டா வேல போயிரும்."

அமலனும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தான். ஒரு ஏக்கர் மேட்டுக்காட்டில் கிழங்கு போடுவதும், மிச்ச நாளில் மண்டியில் மூட்டை தூக்குவதுமாக இருக்கிறவன். பேச்சும் மூட்டை மாதிரிதான், தூக்கிவைத்தால் வைத்த இடத்தில் இருக்கும்.

"எழுதாம இருந்தா தூங்குவியா?"

"மாட்டன்."

"அப்ப எழுது."

திங்கட்கிழமை மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் எழுதினாள். "மேடம், கீழே உள்ள நாற்பத்தொரு கமென்ட்டுக்கும் நான் பொய்யாகப் பச்சை அழுத்தியிருக்கிறேன். மார்க் குறையக் கூடாது என்று அழுத்தினேன். இவை எல்லாம் சிவப்பு. ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருக்கிறேன். என்னை மாதிரி மற்றவர்களும் பயந்து போட்டிருந்தால் அவர்களைத் தண்டிக்க வேண்டாம். இப்படிக்கு, திப்பி ஆக்சிலியா." ரஞ்சித்குமாரின் பெயரை எழுதவில்லை. நாற்பத்தொன்றுக்கும் காரணம் எழுதி முடிக்க டைரியில் ஏழு பக்கம் பிடித்திருந்தது. அதை அடித்து அனுப்பிய பிறகு பசித்தது. டப்பாவில் இருந்த புளிச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

மறுநாள் பதில் ஒரே வரி. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லோரும் வீடியோ காலில் இருக்கவும். அதே வரி சந்திரமோகனுக்கும் போயிருந்தது.

"என்னா எழுதுனீங்க்கா?" என்று அவன் கேட்டான். அவள் சொன்னாள். அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "சென்டரையே மூடிருவாங்க்கா."

அந்த மூன்று நாளும் அவளோடு அவன் பேசவில்லை. பன்னிரண்டு வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டோமோ என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். மடியில் கனமில்லைதான், ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறி நீலப் பையை இறக்கினாள். சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். ரெஜினா கேட்டதற்கு, தூசியாக இருந்தது என்றாள். அமலன் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சுவரில் இருந்த பெரிய திரையில் ஐஸ்வர்யா வந்தாள். மெயிலில் பெரிய ஆளாகத் தெரிந்தவள், தலையை வாரிக்கூட முடிக்காத சின்னப் பெண்ணாக இருந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி கேக்கிறேன். யாரையும் வேலையிலிருந்து எடுக்க மாட்டேன். உங்களுக்குத் தோணினதைப் போடாம, மத்தவங்க என்ன போடுவாங்கன்னு நினைச்சுப் போட்டவங்க கை தூக்குங்க."

உரக்கடை வாசலில் மூட்டை இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆக்சிலியா கையைத் தூக்கினாள். அடுத்து ரஞ்சித்குமார். அவனுக்குப் பின் சீட்டு வீரமணி. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு கை. கடைசியில், யாரும் எதிர்பார்க்காமல், ஓரமாக நின்ற சந்திரமோகன் கையைத் தூக்கினான். "நான்தாங்க மேடம் எல்லாருக்கும் அப்படிச் சொல்லிக் குடுத்தன்" என்றான்.

ஐஸ்வர்யா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று எல்லோரும் பயந்தார்கள். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மெட்ராஸ்ல யாருமே இல்லைங்க! மூணு பேரும் உங்க ரூம்லதான். உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னுதான் அரூருக்கே இந்த வேலையைக் கொடுத்தேன். மூணு வாரமா என் மெஷின் 'டம்ளர் கழுவி வெச்சிருக்கோம்'கிற வரியை விருந்து உபசாரம்னு காட்டுது. மார்க்கைப் பார்த்தா எல்லாரும் ஒத்துப்போறீங்க. எங்க தப்புன்னே தெரியாம நான் தூங்காம இருக்கேன். பரீட்சையில எல்லாரும் ஒரே தப்பை எழுதினா வாத்தியாருக்கு எப்படித் தெரியும்? அந்த எழுபது விதி நான் வெச்சது. தப்பு என்னோடது. இன்னையிலிருந்து அது கிடையாது."

ஒத்துப்போகாத கமென்ட்டுக்கெல்லாம் இனி குறிப்புப் பெட்டியில் காரணம் எழுத வேண்டும், அவ்வளவுதான். இதுவரை போட்ட ஆறாயிரத்தையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். இனி வரப்போகிறதையும் சேர்த்தால் இன்னும் எட்டு மாசம் ஆகும், எல்லோரும் இருப்பீர்களா என்று கேட்டாள். இருப்பீர்களாவாம்! வீரமணி விசில் அடித்தான். சந்திரமோகன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, மூன்று நாளாகப் பேசாதவன், "அக்கா, ஒரு டீ சொல்லட்டுங்களா?" என்றான். ஆக்சிலியாவுக்கு மூன்று நாளாக உள்ளே பிடித்துவைத்திருந்த மூச்சு இப்போதுதான் முழுசாக வெளியே வந்தது. சந்தோஷத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானத்துக்கு மேல் முதல் கட்டு வந்தது. நாலாவதாக அந்த டம்ளர் வரி. ஆக்சிலியா சிவப்பை அழுத்தினாள், அழுத்தமாக. பக்கத்துச் சீட்டில் ரஞ்சித்குமார் ரொம்ப நேரமாகக் குறிப்புப் பெட்டியில் எதையோ அடித்துக்கொண்டே இருந்தான். அவள் எட்டிப் பார்க்கவில்லை. அவன் அடித்து முடிக்கும்வரை டீக்குக் கூப்பிடாமல் இருந்தாள்.

சாயங்காலம் பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது அந்தப் பாதை அத்தனை அகலமாக இருந்தது. வாசலில் அமலன் ஆட்டுக்குத் தழை கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். தூரத்திலேயே அவள் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"இருக்குதா?"

"இருக்குதுங்க. எட்டு மாசத்துக்கு."

"ம்" என்றான். ஆனால் தழையைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

பையைப் பழையபடி பீரோ மேல் போட்டுவிடலாம் என்று கொடிக்குப் போனாள். எடுத்தால், தூக்குவதற்குப் பை மேல் இருந்த இரண்டு காதும் இல்லை. அடியோடு அறுத்திருந்தது.

"என்னங்க, பையோட காது எங்க?"

"எலி கடிச்சிருக்கும்."

"எலி கத்திரிக்கோல்லயா கடிக்கும்?"

அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போதுதான் கவனித்தாள், தழைக்கட்டைக் கட்டியிருந்தது நீலக் காது ஒன்று. இன்னொன்று ஆட்டின் கழுத்தில் கிடந்தது.

"எப்ப அறுத்தீங்க?"

"காலைல. நீ பஸ் ஏறுனதும்."

"வேல போயிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?"

"போயிருந்தா போவட்டும்" என்றான் அமலன். "பையில்லாம எப்புடி ரயில் ஏறுவ?"